மாயாற்றில் கூழாங்கல் போன இடத்துக்கு மீன் திரும்புமா?

மசினகுடி_காவலன்:
வணக்கம். வேட்டைத் தடுப்புக் காவலராக இருக்கிறேன். நீலகிரியில் மாயாற்று மின்நிலையத்துக்குக் கீழே ஒரு வளைவில், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் முழங்கால் ஆழத்துக்குக் கூழாங்கல் கிடக்கும். மழை தொடங்கினதும் திமிலுள்ள மகசீர் மீன் முட்டையிட அங்கே கூட்டமாக வரும். இப்போது தலையளவு பாறைகள்தான் மிச்சம். ஒன்றைப் பெயர்க்கவும் முடியவில்லை, அவ்வளவு இறுகிவிட்டது. அணை மதகைத் திறந்து வண்டலை விட்டால் சரியாகுமா?

பழைய_மதகு:
தம்பி, அதை மட்டும் கேட்காதீர்கள். 30 வருடம் அணை வேலை பார்த்தவன் சொல்கிறேன். மதகு வழியாக வருவது களிமண் சேறு. முட்டை கல்லிடுக்கில்தான் விழும். சேறு அடைத்தால் காற்றோட்டமில்லாமல் செத்துப்போகும்.

உங்கள் வளைவில் நடந்தது வேறு. பைக்காரா, சிங்காரா, மரவகண்டி என்று அணையும் மின்நிலையமுமாக ஒரே தண்ணீர் தேங்கித் தேங்கி இறங்குகிறது. கல்லெல்லாம் மேலேயே நின்றுவிடும். கல், மணல் சுமையில்லாத தண்ணீர் அடியிலுள்ள சிறு கல்லைத் தள்ளிக்கொண்டு போகும். புதுக் கல் வராது. ஜெர்மனியில் ரைன் ஆற்றில் இஃபெட்ஸ்ஹைம் அணைக்குக் கீழே 1978 முதல் கல்லைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். ஆறே பரப்பிக்கொள்கிறது.

சீகூர்_கரை:
புலிகள் காப்பகத்துக்குள் லாரி விட முடியாது ஐயா. எனக்குப் பட்டது, கல்லட்டிச் சரிவிலிருந்து வரும் சீகூர் ஆறு இன்னும் கல் கொண்டுவருகிறது. அது மாயாற்றில் சேரும் இடத்தில் மணல் அள்ளாமல் காப்பதே பெரிய வேலை. அந்தத் திமில் மீன் எது என்று 2018-ல்தான் அறிவியலில் உறுதியானது, அதற்குள் அழிவின் விளிம்பு. இன்னொன்று, மின்நிலையத்து டர்பைன் நின்றதும் தண்ணீர் சட்டென வடிகிறதே? ஓரத்து முட்டை காய்ந்துபோகும். முட்டை பொரியும் நாட்களிலாவது மெதுவாகக் குறைத்தால் போதும்.

பழைய_மதகு:
அதுவும் சரிதான். தம்பி, முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். கையளவுக் கல் 100 எடுத்து மஞ்சள் பெயின்ட் அடித்து, எண் போட்டு, கோடையில் வரிசையாக வையுங்கள். வெள்ளம் வடிந்ததும் எது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அளந்தால், அங்கே கல் நிற்குமா என்று தெரிந்துவிடும்.

மசினகுடி_காவலன்:
நன்றி ஐயா. ரேஞ்சரிடம் அனுமதி கேட்கப் போகிறேன். அங்கே பாறையெல்லாம் கறுப்பு, மஞ்சள் நன்றாகத் தெரியும். யானை தடமும் அந்த வழிதான், அதனால் கல்லை வளைவின் உள்பக்கம் வைக்கிறேன்.