தண்ணீர் டியூபும் மஞ்சளாச்சு!

வேர்முடிச்சு:
வாடிய தக்காளித் தண்டு, வாடல் பூஞ்சை ஃபுசேரியத்தைத் தேடும் பிரைமர் (குட்டி டிஎன்ஏ துண்டு), ஃபீனால் ரெட் நிறமி போட்ட லேம்ப் (ஒரே சூட்டில் டிஎன்ஏவைப் பெருக்கும் சோதனை, பெருகினால் மஞ்சள்), 65 டிகிரி, ஒரு மணி நேரம். நாலு மாதிரியும் இளஞ்சிவப்பிலிருந்து மஞ்சள். ஐந்தாவதும் மஞ்சள். அதில் மாதிரிக்குப் பதில் இருந்தது வெறும் தண்ணீர், மாறவே கூடாது! முந்தைய நாள் முடிந்த டியூபை அதே மேசையில் திறந்து, டிஎன்ஏவைப் பட்டையாகக் காட்டும் ஜெல்லில் ஏற்றிய வினை. மூடியிலிருந்து தெறிக்கும், பெருகிய டிஎன்ஏ உள்ள கண்ணுக்குத் தெரியாத துளியே போதும். மிக்ஸைக் கொட்டி, பைப்பெட்டை ப்ளீச்சால் துடைத்து, புது மிக்ஸ் போட்ட பிறகுதான் தண்ணீர் சிவப்பாகவே நின்றது.

பட்டைபார்ப்பவன்:
உடனே மேசை மேல் பழி போடாதீங்க. ஒரு மணி நேரம் விட்டால் லேம்ப் பிரைமர்கள் தங்களுக்குள்ளேயே ஒட்டிப் பெருகும். மாதிரி 20 நிமிஷத்திலும் தண்ணீர் 50க்கு மேலும் மாறியிருந்தால் பிரைமர்தான் குற்றவாளி.

இங்கே கதை தலைகீழ். தண்டைப் பிளந்தால் சாற்றுக்குழாய் முழுக்கப் பழுப்பு, பிசிஆரில் (சூட்டை ஏற்றி இறக்கி டிஎன்ஏவைப் பெருக்கும் முறை) பட்டையே இல்லை. டிஎன்ஏ எவ்வளவு சுத்தம் என்று காட்டும் 260/230 விகிதம் 0.6, ரொம்பக் குறைவு. அதே டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்ததும் பளிச்சென்று பட்டை. செடியின் பாலிஃபீனாலும் பாலிசாக்கரைடும் (மாவுச்சத்து வகைப் பொருள்) டிஎன்ஏவைப் பெருக்கும் என்சைமைக் கட்டிப்போட்டிருந்தன. அதனால டிஎன்ஏ பிரிக்கும் கரைசலில் சிடாப் (செல்லை உடைக்கும் சோப்பு வகை) 2 சதவீதத்தோடு, பாலிஃபீனாலைப் பிடித்துக்கொள்ளும் பிவிபி 2 சதவீதம் சேருங்க. மெர்காப்டோஎத்தனால் 0.2 சதவீதம், அதை அன்றன்றுதான் கலக்கணும். 65 டிகிரியில் 30 நிமிஷம். குளோரோஃபார்ம்–ஐசோஅமைல் 24:1, இரண்டு தடவை. டிஎன்ஏ உள்ள மேலடுக்கை எடுக்கும்போது கொஞ்சம் விட்டுவிடுங்க, நடுவிலுள்ள வெள்ளைப் படலத்தைத் தொட்டால் எல்லாம் வீண். கடைசியில் வீழ்படிவு ஜெல்லி மாதிரி வழவழத்தால் சந்தோஷப்படாதீங்க, அது பாலிசாக்கரைடு. ஒவ்வொரு மாதிரியிலும், எந்தத் தக்காளியிலும் இருக்கும் ஆக்டின் ஜீனையும் ஓட்டுங்க. அதுவும் வரலைன்னா 'நோய் இல்லை' என்று எழுத முடியாது.

இலைப்புள்ளி:
பட்டை வந்தால் மட்டும் போதுமா? பூஞ்சையை அடையாளம் காணப் படிக்கும் ஐடிஎஸ் டிஎன்ஏ வரிசை 'ஃபுசேரியம் ஆக்ஸிஸ்போரம்' என்றது. வேர்த்தோலில் சும்மா குடியிருக்கும் தீங்கில்லாத வகைக்கும் அதே பெயர்தான். டெஃப்-1 ஜீன் இனத்தைச் சொல்லும், தக்காளியைத் தாக்குமா என்று சொல்லாது. தக்காளியைத் தாக்கும் வகையில் இருக்கும் சிக்ஸ்-1 ஜீன் வந்த பிறகுதான் வாடல் வகை என்று தெரிந்தது. ரேஸ் 1-இல் (எந்தத் தக்காளி ரகத்தைத் தாக்கும் என்று பார்த்துப் பிரித்த உட்பிரிவு) இருக்கும் சிக்ஸ்-4 வரவே இல்லை, அதனால் ரேஸ் 1 இல்லை. ரேஸ் 2, 3 இரண்டிலும் சிக்ஸ்-3 பட்டை ஒரே மாதிரிதான் வரும். வித்தியாசம் ஓரெழுத்து மாற்றத்தில் இருப்பதால் வரிசை படித்தே ஆகணும்.

வேர்முடிச்சு:
@பட்டைபார்ப்பவன், எந்த நிமிஷத்தில் நிறம் மாறியது என்று குறிக்கவில்லை, குடைவதே அதுதான். ஆனால் புது மிக்ஸிலும் அதே பிரைமர் வரிசைதான், அதே ஒரு மணி நேரம்தான். மூன்று தண்ணீர் டியூபும் சிவப்பு. தானே ஒட்டும் பிரைமர் மூன்றிலும் சும்மா இருக்குமா?