மறு: மறு: பேக்ஃபீடுக்குத் தமிழ்? வெள்ளிக்குள் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

பெரிய வண்டியின் பின்னால் சின்னக் காரைக் கட்டி, நாலு சக்கரமும் தரையில் உருள இழுத்துப் போகிறவர்களுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். முன்வண்டியில் பிரேக் மிதித்தால் காரின் பின்விளக்கும் எரிய வேண்டும். முன்வண்டியிலிருந்து வரும் ஒயரைக் காரின் விளக்கு ஒயரோடு நேரடியாக முறுக்கிவிட்டால், மின்சாரம் விளக்கோடு நிற்காமல் காரின் சொந்த ஒயரிங்குக்குள்ளும் ஏறிவிடும். ஃபியூஸ் போகலாம், அதைவிட விலையுள்ளதும் போகலாம். இதுதான் பேக்ஃபீட். தடுப்பதற்கு ஒவ்வொரு ஒயரிலும், மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் டையோடு வைக்கிறார்கள். 'பின்னூட்டம்' என்று எழுதினேன். படித்துப் பார்த்த மாணவன், "யார் போட்ட கருத்து அக்கா?" என்றான். வெள்ளிக்கிழமை கெடு.

———

அம்மா, பின்னூட்டம் ஃபீட்பேக்குக்குத் தாரை வார்த்தாயிற்று, மீளாது. 'எதிரூட்டு' பொருந்தும்.

அதைவிட, வரைவில் 'இழுவண்டி' என்றிருக்கிறதே. வினைத்தொகை. கொல்யானையில் யானை கொல்கிறது. குடிநீரில் நீரா குடிக்கிறது? இழுவண்டி இழுக்கிறதா, இழுபடுகிறதா? டையோடு எந்த வண்டியில் என்று வாசகர் தடுமாறுவார். 'இழுபடுவண்டி' என்று மாற்றுங்கள்.

———

ஊட்டு எல்லாம் எதற்கு? உள்ளே போனது தொண்டைக்கு ஏறினால் எதுக்களிக்கிறது என்கிறோமே. எதிர்க்களித்தல்தான் பேச்சில் தேய்ந்து எதுக்களித்தல் ஆயிற்று. 'மின் எதுக்களிப்பு'! படித்தவுடன் நெஞ்சு எரிகிறதல்லவா? பிடிக்காதவர்கள் 'ஓதம்' கொள்ளலாம்; கடல்நீர் கழிக்குள் ஏறுவதும் இதே செயல்தான்.

டையோடையும் விடக்கூடாது. 1919இல் ஆங்கில இயற்பியலாளர் எக்கிள்ஸ் வைத்த பெயர். கிரேக்கத்தில் இரண்டு, வழி. இருவழி என்று பெயர் வைத்துக்கொண்டு ஒருவழியாக மட்டும் விடுகிறது! 'ஒருவழியம்' என்போம்.

———

ஐயா, ஓதம் என்றால் இன்றைக்குச் சுவர் ஈரம். மருத்துவரிடம் சொன்னால் வேறு. விட்டுவிடுவோம். அந்த 'வழி' மின்முனையைக் குறிப்பது. ஃபாரடே 1834இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ஆனோடு, கேத்தோடு வரிசையில் வந்தது. இரண்டு முனை உண்டு, பெயரில் பிழையில்லை. தமிழில் 'இருமுனையம்' ஏற்கெனவே இருக்கிறது.

———

இருமுனையம் என்று கேட்டால் எந்தக் கடைக்காரர் எடுத்துத் தருவார்? டையோடே இருக்கட்டும். டகரம் மொழிமுதலில் வராது என்று யாராவது கிளம்புவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: 'இடையோடு' என்று எழுதுங்கள். ஒயரின் இடையோடுதானே வைக்கிறோம்.

———

நான் ஒயரிங் சொல்லிக்கொடுப்பவன். இலக்கணம் தெரியாது. பட்டறையில் "ரிட்டன் அடிக்குது" என்போம். ஊட்டு எனக்கு ஏன் இடிக்கிறதென்றால், டையோடெல்லாம் சரியாக இருந்தும் எர்த் மட்டும் கெட்டுப்போன வண்டிகள் வரும். இடது இண்டிகேட்டர் போட்டால் மற்ற விளக்குகளும் மங்கலாகச் சிமிட்டும். எர்த்துக்குப் போக வழியில்லாத மின்சாரம் மற்ற பல்புகளின் இழை வழியாகப் பின்பக்கம் சுற்றி வேறு வழி தேடுகிறது. அதற்கும் பேக்ஃபீட் என்றுதான் பெயர். அங்கே யாரும் எதையும் ஊட்டவில்லை, அதுவாகப் பாய்கிறது. சொல் இரண்டுக்கும் பொருந்த வேண்டாமா?

இன்னொன்று. பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் முன்வண்டியில் ஒரே ஒயர், காரில் தனித்தனி பல்பு என்றால் டையோடு மட்டும் போதாது. கையேட்டில் அந்தப் பத்தி இருக்கிறதா பாருங்கள்.

———

இருக்கிறது ஐயா, நான்தான் புரியாமல் தாண்டிப் போயிருந்தேன். நன்றி.

'பின்பாய்வு' என்று முடிக்கிறேன். ஐந்து பேர் சரி என்றார்கள், இரண்டு பேர் களைத்துச் சரி என்றார்கள். முதல் இடத்தில் மட்டும் "மின்சாரம் திரும்பி ஏறுவது" என்று விளக்கம் சேர்க்கிறேன். டையோடு டையோடாகவே இருக்கும். இழுபடுவண்டி ஏற்கப்பட்டது. எதுக்களிப்பை என்னால் அச்சில் போட முடியவில்லை, மன்னிக்கவும்.

———

பிற்பகல், பிற்சேர்க்கை. ஆகவே 'பிற்பாய்வு'.

———

அது காலத்துக்கு. இடத்துக்குப் பின்பக்கம், பின்புறம்.

———

சேர்க்கை காலமா?

———

நாளைக்கும் எதுக்களிப்புதான் என் வாக்கு.