சொல் தேவை: ‘சிந்தெடிக் கன்னபினாய்டு’

வணக்கம். அவசர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆய்வகத்தில் செய்து, இலைமேல் தெளித்துப் புகைக்கும் இந்தப் போதைப்பொருள் வகைக்கு வரைவில் ‘செயற்கைக் கஞ்சா’ என்று வைத்திருக்கிறேன். சரிதானா?
– செ.

செ. அம்மா, அந்தச் சொல் வேண்டாம். வழக்கமான சிறுநீர்ச் சோதனை கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி.யின் சிதைபொருளைத்தான் தேடும். இந்தச் செயற்கைப் பொருள்கள் அதில் அகப்படா. ‘கஞ்சா’ என்று படித்த செவிலியர், சோதனையில் இல்லை என்றதும் சந்தேகத்தையே விட்டுவிடுவார். டி.எச்.சி. மூளையின் சிபி1 ஏற்பியை (இப்பொருள்கள் ஒட்டி வேலைசெய்யும் இடம்) ஓரளவே தூண்டும். இவற்றில் பெரும்பாலானவை முழுதாகத் தூண்டும். வலிப்பு, மனப்பிறழ்வு, சிறுநீரகச் செயலிழப்பு வரை போகும். இலைமேல் தெளித்த மருந்து சீராகப் படியாததால், ஒரே பொட்டலத்தில் ஒரு சிட்டிகை சும்மா இருக்கும், அடுத்தது ஆளைச் சாய்க்கும்.
– மா.

‘போலிக் கஞ்சா’ எனலாமே?
– இ.

இலக்கணத்தில் போலி என்றால் எழுத்து மாறியும் பொருள் மாறாதது: பந்தல், பந்தர். இங்கே மாறுவதே பொருள்தான். வழக்கிலோ ‘போலி’ வீரியம் குறைந்ததாகத் தொனிக்கும்.
– மா.

‘போன்றது’ எனப் பொருள்படும் ‘ஆய்டு’ விகுதிக்கு ‘அனைய’ இருக்கிறது. ‘கஞ்சனையம்’ என்று ஆளலாம். சித்த மருத்துவப் பெயரே வேண்டுமென்றால் ‘சிவமூலியனையம்’. கடன்சொல்லை அப்படியே விழுங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.
– த.

த. ஐயா, கஞ்சம் தாமரை, கஞ்சம் வெண்கலம், கஞ்சன் உலோபி. இதில் மருந்து எங்கே? கிரேக்கக் ‘கன்னபிஸ்’ஸிலிருந்து கான்வாஸ் துணியின் பெயரும் வந்தது, அதற்காகத் துணியை யாரும் புகைப்பதில்லை. வேர் பார்த்துச் சொல் செய்தால் நோயாளிக்கு உதவாது.
– இ.

‘செயற்கைக் கன்னபினாய்டு’ என்றே போடுங்கள், வல்லினம் மிகும். முதல் இடத்தில் ஒரு வரி விளக்கமும் வேண்டும்: ‘கஞ்சா அன்று, முறிமருந்து இல்லை, வலிப்புக்கும் கொந்தளிப்புக்கும் பென்சோடயசிபைன் (அமைதிப்படுத்தும் மருந்துவகை)’. ஈறிலோ சிறுநீரிலோ இரத்தம் கண்டால் இரத்த உறைவுச் சோதனை செய்யச் சொல்லுங்கள். 2018இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் இரத்தத்தை உறையவிடாத பிரோடிஃபாகூம் என்ற எலிமருந்து கலந்த சரக்கால் பலருக்கு இரத்தக்கசிவு வந்தது. அதற்கு மாற்றான வைட்டமின் கே1 மாதக்கணக்கில் தர வேண்டியிருந்தது.
– மா.

நால்வர் இதற்கு இசைகிறார்கள். கையேட்டில் இதையே ஏற்றுகிறேன்.
– செ.

கையேட்டுக்குச் சரி. பெற்றோர் துண்டறிக்கையில் ‘கன்னபினாய்டு’ யாருக்கும் புரியாது. ‘கஞ்சனையம்’ என்ற என் முன்மொழிவு நிற்கிறது.
– த.