ட்ரயல்ஸ் டூ ஸ்ட்ரோக்: ஐடிலிங்கில் ரிச்சாக ஓடுகிறது, ஏர் ஸ்க்ரூ திருகினாலும் மாற்றம் இல்லை

பாறைமுயல்:
வணக்கம் நண்பர்களே. பாறை, மேடுபள்ளங்களில் காலூன்றாமல் ஓட்டும் ட்ரயல்ஸ் போட்டிக்கான பழைய டூ ஸ்ட்ரோக் பைக், கேஸ்கேஸ் டிஎக்ஸ்டி ப்ரோ 280 ஒன்று கைமாறி என்னிடம் வந்திருக்கிறது. கார்புரேட்டர் கெய்ஹின் பிடபிள்யூகே 28. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது முதல் உதையிலேயே பிடித்துக்கொள்கிறது, சோக் கூடத் தேவைப்படுவதில்லை. சூடான பிறகுதான் தொல்லை. கொஞ்ச நேரம் ஐடிலிங்கில் நின்றுவிட்டு ஆக்சிலேட்டரைத் திறந்தால் பொடபொடவென்று அடைத்து, புகையைக் கக்கி, அப்புறம்தான் தெளிகிறது. ரிச், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் அதிகம் என்று தோன்றுகிறது. முழுக்கத் திறந்தால் சுத்தமாக இழுக்கிறது. பிளக் கறுப்பாக, ஈரமாக இருக்கிறது. சைலன்சர் முனையில் கறுப்பு எண்ணெய் வடிகிறது.

பைலட் ஜெட் (ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சிறு துளைத் திருகு) 48, ஸ்லைடில் (ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் தடுப்பு) தொங்கும் ஊசியின் கிளிப் நடுப்பள்ளத்தில். முழுத் திறப்புக்கான மெயின் ஜெட்டை இரண்டு அளவு குறைத்துப் பார்த்தேன், பலன் இல்லை. பெட்ரோலில் கலக்கும் ஆயில் 50:1. பைலட்டுக்குப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருகினாலும் சத்தம்கூட மாறவில்லை. பைலட்டை 42க்கு இறக்கிவிடலாமா?

ஜெட்பெட்டி:
பொறுங்கள், ஜெட் எதையும் வாங்காதீர்கள். மெயின் ஜெட் பேச ஆரம்பிப்பதே முக்கால் திறப்புக்கு மேல்தான். அதுவரை ஊசியும் அதன் கூம்பும். கால் திறப்புக்குக் கீழே ஸ்லைடின் வெட்டும் ஊசியின் நேர்ப்பகுதியும். மூடியதிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். ட்ரயல்ஸில் நாம் பொழுதைக் கழிப்பது அந்தக் கீழ்க்கோடியில்தான், உங்கள் குறையும் அங்கேதான். மேலே சுத்தமாக இழுக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

48லிருந்து நேராக 42 என்பது பெரிய தாவல், நடுவில் 45 இருக்கிறது. அதைவிட, ஸ்க்ரூ திருகினால் ஒன்றுமே ஆகவில்லை என்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. பைலட் வெறுமனே ஒரு அளவு பெரிதாக இருந்தால் ஸ்க்ரூவுக்கு இன்ஜின் ஏதாவது பதில் சொல்லும்.

ஒருவிரல்கிளட்ச்:
ஆயில்தான் காரணம் சகோ. 50:1 ட்ரயல்ஸுக்கு அதிகம். நல்ல சிந்தெடிக் ஆயில் ஊற்றி 80:1 வையுங்கள், ரிச் போய்விடும்.

ஜெட்பெட்டி:
80:1 நல்ல யோசனை. லிட்டருக்கு 20 மில்லிக்குப் பதிலாக 12.5 மில்லி, சைலன்சரில் வடிவது குறையும். ஆனால் ரிச் போகாது. ரிச் என்பது காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள கணக்கு. ஆயிலைக் கூட்டினால் அதே ஜெட் வழியாக வரும் கலவையில் பெட்ரோல் குறைகிறது, அதாவது இம்மியளவு லீன் (ரிச்சுக்கு எதிர்) ஆகிறது. ஆயிலைக் குறைத்தால் தலைகீழ். வடிகிற கறுப்பைப் பார்த்து இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

கியர்பாக்ஸ்பித்தன்:
கார்பை விட்டுவிட்டு ஒரு நிமிடம் க்ராங்க் சீலையும் (க்ராங்க் தண்டின் இரு பக்கமும் உள்ள ரப்பர் வளையம்) நினைத்துப் பாருங்கள். கிளட்ச் பக்கத்து சீல் போனால் க்ராங்க் அறையின் உறிஞ்சலில் கியர் ஆயில் உள்ளே போகும். அதுவும் புகை, அதுவும் ஈரமான பிளக், எந்த ஜெட்டைப் போட்டாலும் தீராது. அடையாளம்: கியர் ஆயில் அளவு ஓட்ட ஓட்ட இறங்கும், புகையில் எரிந்த கியர் ஆயில் வாடை வரும். மறுபக்கம், ஃப்ளைவீல் பக்கத்து சீல் போனால் காற்று நுழைந்து லீன் ஆகும். அது உங்கள் கதை இல்லை.

பழையஸ்லைடு:
சீலையும் கார்பையும் பிரித்துப் பார்க்க செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. வண்டியை நன்றாகச் சூடாக்குங்கள், ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை ஓடட்டும். ஐடிலிங்கில் விட்டு பெட்ரோல் டேப்பை மூடுங்கள். கார்பின் அடியில் பெட்ரோல் நிற்கும் மிதவை அறையில் பெட்ரோல் இறங்க இறங்கக் கலவை தானாக லீன் ஆகும். நிற்பதற்கு முன் சில விநாடிகள் வேகம் ஏறி, ஓசை சுத்தமானால் உண்மையிலேயே பெட்ரோல் அதிகம். கடைசி வரை அதே பொடபொட என்றால் கியர்பாக்ஸ்பித்தன் சொன்ன பக்கம் போங்கள்.

அதற்கு முன் ஏர் ஃபில்டர் ஃபோமை வெளியே எடுத்துப் பிழியுங்கள். ஆயில் சொட்டினால் முதல் குற்றவாளி அதுவே.

பாறைமுயல்:
ஃபோம் துவைத்து லேசாக ஆயில் தடவிப் போட்டேன். பெரிய வித்தியாசம் இல்லை. கியர் ஆயிலை வடித்து அளந்தேன், குறையவில்லை, நிறமும் சரி. பெட்ரோல் டேப்பை மூடினேன்: நிற்பதற்குக் கொஞ்சம் முன்னால் அருமையாக ஓடியது. இந்த வண்டி இப்படியெல்லாம் ஓடுமா என்று ஆச்சரியமாகிவிட்டது.

ஓவர்ஃப்ளோ குழாயில் சொட்டு இல்லை. மிதவையின் உயரம் கையேட்டில் உள்ளதைவிட ஒரு மில்லிமீட்டர் போல மாறியிருந்தது, பெட்ரோல் மட்டம் அதிகம் நிற்கும் பக்கமாக. மிதவையின் நாக்கை (பெட்ரோல் வரும் வழியை மூடும் ஊசியைத் தள்ளும் தகடு) வளைத்துச் சரிசெய்தேன். கொஞ்சம் தேறியது. ஏர் ஸ்க்ரூ மட்டும் இன்னும் ஊமை.

பழையஸ்லைடு:
அப்படியானால் விஷயம் கார்புக்குள் இருக்கிறது. மிதவையை அளக்கும்போது கார்பைச் சாய்த்துப் பிடித்து, நாக்கு ஊசியின் ஸ்பிரிங் முனையைத் தொட்டும் அழுத்தாமலும் இருக்கும் நிலையில் அளந்தீர்கள்தானே? தலைகீழாக வைத்தால் மிதவையின் எடையே ஸ்பிரிங்கை அமுக்கிப் பொய்க் கணக்கு காட்டும்.

ஸ்க்ரூ ஊமையாக மூன்று காரணம் உண்டு. ஒன்று, பைலட்டுக்குப் போகும் காற்று வழி அடைத்திருப்பது. காற்றே வராத வழியில் ஸ்க்ரூவைத் திறந்தால் என்ன, மூடினால் என்ன? பைலட் ஜெட்டையும் ஸ்க்ரூவையும் கழற்றிவிட்டு, ஃபில்டர் பக்க வாயில் இருக்கும் சிறு துளையில் கிளீனர் அடியுங்கள். ஜெட் இருந்த இடத்திலும், ஸ்லைடுக்கு அடியில் உள்ள பொடித்துளையிலும் பீறிட வேண்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள், அது நேராகக் கண்ணுக்குத்தான் வரும்.

இரண்டு, ஐடில் ஸ்க்ரூவை அளவுக்கு மீறி உள்ளே திருகி ஸ்லைடைத் தூக்கி வைத்திருப்பது. ரிச்சாக நின்றுபோகும் வண்டியை உயிரோடு வைக்கப் பலர் செய்வது. ஸ்லைடு உயர்ந்துவிட்டால் பைலட்டின் பேச்சு எடுபடாது.

மூன்றுதான் என் சந்தேகம். குளிரில் சோக் இல்லாமலே முதல் உதையில் ஸ்டார்ட் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நல்ல குணம் என்று நினைத்துச் சொன்னீர்கள், எனக்கு அது புகாராகப் படுகிறது. இந்தக் கார்பில் சோக் என்பது காற்றை அடைக்கும் தகடு இல்லை. தனி வழியாகக் கூடுதல் பெட்ரோல் விடும் ஒரு பிளஞ்சர். அதன் அடியில் உள்ள ரப்பர் இறுகி, பள்ளம் விழுந்துவிட்டால், குமிழை அமுக்கி வைத்திருந்தாலும் பெட்ரோல் கசிந்துகொண்டே இருக்கும். ஓட்டைக் குடத்துக்கு மூடி தேடுவது போல, அதை விட்டுவிட்டு ஜெட் மாற்றிப் பயனில்லை.

சூடான இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது சோக் குமிழை விரலால் அழுத்திப் பாருங்கள். ஓசை மாறினால் கசிவு உறுதி.

கியர்பாக்ஸ்பித்தன்:
அந்தக் குளிர் ஸ்டார்ட் வரியை நான் கவனிக்கவே இல்லை. அண்ணன் பிடித்துவிட்டார்.

பாறைமுயல்:
மாறியது! அழுத்தினால் வேகம் ஏறுகிறது, விட்டால் மறுபடி பொடபொட. பிளஞ்சரைக் கழற்றினால் ரப்பரில் வட்டமாக ஆழமான தடம், தொட்டால் கல் மாதிரி. காற்று வழியில் கிளீனர் நன்றாகப் பீறிட்டது. ஐடில் ஸ்க்ரூவும் ரொம்ப உள்ளே இருந்தது. பிளஞ்சர் புதிதாகப் போட்டுவிட்டுத் திரும்ப எழுதுகிறேன்.

ஜெட்பெட்டி:
வரும்வரை இதைப் படித்து வையுங்கள். புது பிளஞ்சர் போட்டதும் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே முட்டும்வரை திருகி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். முட்டியதும் இறுக்காதீர்கள், முனையும் இருக்கையும் வீணாகும். வண்டி சூடான பிறகு ஐடிலைக் கொஞ்சம் உயர்த்தி வைத்து, ஸ்க்ரூவைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருகி, வேகம் உச்சத்தில் நிற்கும் இடத்தைப் பிடியுங்கள். பிறகு ஐடிலை இறக்கி இன்னொரு தடவை. உச்சம் ஒரு சுற்றுக்குள்ளேயே வந்தால் பைலட் சிறிது. இரண்டரையைத் தாண்டினால் பெரிது. அப்போது 45 வாங்கலாம், அதற்கு முன் வேண்டாம்.

இந்தக் கார்பில் ஸ்க்ரூ ஃபில்டர் பக்கம் இருப்பதால் வெளியே திருகினால் லீன். சில கார்பில் அது இன்ஜின் பக்கம் இருக்கும். அங்கே கணக்கு நேர் எதிர்.

பாறைமுயல்:
புது பிளஞ்சர் ஏறிவிட்டது. ஸ்க்ரூ பேசுகிறது! உச்சம் ஏறத்தாழ ஒன்றே முக்கால் சுற்றில். 48 பைலட் அப்படியே இருக்கிறது. குளிரில் இப்போது சோக் இல்லாமல் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது, அதுவே நிம்மதியாக இருக்கிறது. ஆயிலையும் 80:1க்கு மாற்றினேன்.

இரண்டு சந்தேகம். ஆக்சிலேட்டரைச் சட்டென்று திறந்தால் ஒரு நொடி தயங்குகிறது, புகை இல்லாமல். சைலன்சர் இன்னும் கொஞ்சம் வடிக்கிறது.

பழையஸ்லைடு:
தயக்கம் இப்போது லீன் பக்கம். ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே விடுங்கள். ஆக்சிலேட்டரை விட்டபின் வேகம் உடனே இறங்காமல் தொங்கினாலும் அதே மருந்து. வெறும் ஐடில் உச்சத்தைவிட, கையில் உணரும் பிக்கப்பை நம்புங்கள். உயரமான இடத்துக்குப் போனால் திரும்ப ஒரு முறை பாருங்கள்: 1,000 மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறையும், சரியாக இருந்த கலவையும் ரிச் ஆகும்.

சைலன்சரில் வடிவது பழைய பாக்கி. நடுப்பெட்டியின் பஞ்சு ஊறிப்போயிருக்கும். சில நாள் நன்றாகச் சூடேற ஓட்டுங்கள், நிற்காவிட்டால் பஞ்சை மாற்றுங்கள். அதற்காகக் கார்பை மறுபடி தொட வேண்டாம்.

ஜெட்பெட்டி:
மெயின் ஜெட்? இரண்டு அளவு குறைத்தது இன்னும் உள்ளேயே இருக்கிறதா? பிளஞ்சர் கசிந்தபோது அது எல்லாத் திறப்பிலும் கொஞ்சம் பெட்ரோல் கூட்டிக்கொண்டிருந்தது. இப்போது அந்த உபரி இல்லை. நீண்ட ஏற்றத்தில் முழுக்கத் திறந்து பிடித்தீர்களானால் பிஸ்டன் ஜாம் ஆகலாம். பழைய அளவைப் போட்ட பிறகு ஓட்டுங்கள்.

பாறைமுயல்:
அதே சின்ன ஜெட்தான் இருக்கிறது. பழையது கைவசம் உண்டு. மாற்றும்வரை வண்டியை எடுக்கவில்லை.