வலிப்பு மாத்திரையும் எலும்பு முறிவும்: நிறுத்தலாமா?

கேள்வி (மேலூர்):
52 வயது அம்மா. 20 வருஷமா பெனிடாயின் 300 மி.கி. வலிப்பு கட்டுக்குள்ள இருக்கு. போன வாரம் வாசப்படியில தடுக்கி விழுந்து மணிக்கட்டு உடைஞ்சு மாவுக்கட்டு. மாத்திரைதான் எலும்பை அரிச்சிருச்சு, நிறுத்திடுவோம்னு வீட்ல சொல்றாங்க. என்ன செய்யலாம்?

பதில் 1:
ஒரு வேளைகூட நிறுத்தாதீங்க. திடீர்னு விட்டா வலிப்பு அடுத்தடுத்து வந்து உயிருக்கே ஆபத்தாகும். ஆனா வீட்ல சொல்றதுல பாதி உண்மை இருக்கு. பெனிடாயின், பினோபார்பிட்டோன், கார்பமாசெபின் எல்லாமே கல்லீரல் நொதிகளைத் தூண்டி வைட்டமின் டி-யைச் சீக்கிரம் சிதைச்சிடும். டி குறைஞ்சா சாப்பாட்டுக் கால்சியம் குடல்ல ஏறாது. உடம்பு எலும்புல இருந்து எடுத்துக்கும். மாதவிடாய் நின்னிருந்தா தேய்மானம் இன்னும் கூடும்.

பார்க்க வேண்டியது: ரத்தத்துல 25 ஹைட்ராக்ஸி வைட்டமின் டி (உடம்புல டி எவ்வளவு இருக்குன்னு காட்டும்), கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் (எலும்புல இருந்தும் வர்ற நொதி), அப்புறம் இடுப்புக்கும் முதுகுக்கும் எலும்பு அடர்த்தி பார்க்கிற டெக்ஸா ஸ்கேன். எலும்பு கூடுற சமயத்துல பாஸ்பட்டேஸ் தானாவே ஏறும், அதை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. டி ஒரு மில்லிக்கு 20 நானோகிராமுக்குக் கீழ இருந்தா வழக்கமா வாரம் ஒரு 60,000 யூனிட், 8 வாரம் எழுதுவாங்க. வெறும் வயித்துல வேண்டாம், சாப்பாட்டுக்கு அப்புறம் பாலோட. 8 வாரத்தோட விட்டா திரும்பக் குறையும். பெனிடாயின் ஓடுற வரைக்கும் தினசரி டி தேவைப்படும்.

பதில் 2:
கால்சியம் மாத்திரையையும் பெனிடாயினையும் ஒண்ணாப் போடக் கூடாது. குறைஞ்சது 2 மணி நேர இடைவெளி வேணும், இல்லேன்னா பெனிடாயின் சரியா ஏறாம வலிப்பு திரும்பலாம். அல்சருக்குக் குடிக்கிற ஜெலுசில் மாதிரி மருந்துக்கும் இதேதான்.

"தடுக்கி விழுந்தாங்க"ன்றதையும் அப்படியே விடாதீங்க. பெனிடாயின் கூடிப்போனாலே நடை தள்ளாடும், கண்மணி ஆடும். ரத்தத்துல பெனிடாயின் அளவு ஒரு மில்லிக்கு 10 முதல் 20 மைக்ரோகிராமுக்குள்ள இருக்கணும். பெரியாஸ்பத்திரி நரம்பியல் பிரிவுல காட்டி, லெவெடிராசெட்டம்ங்கிற வேற வலிப்பு மாத்திரைக்கு மெதுவா மாத்த முடியுமான்னு கேளுங்க.

கேள்வி கேட்டவர்:
நன்றிங்க. விழாம, வலிப்புலயே எலும்பு உடையுமா?

பதில் 3:
உடையும். தசை இறுகுற வேகத்துலயே நடுமுதுகு எலும்பு நசுங்கும், தோள் பின்பக்கமா விலகும். தோள் விலகினது நேரா எடுத்த எக்ஸ்ரேல பல தடவை தப்பிடும். வலிப்புக்கு அப்புறம் கையை வெளிப்பக்கம் திருப்ப முடியலேன்னா பக்கவாட்டுப் படமும் எடுக்கச் சொல்லுங்க. புதுசா முதுகுவலி வந்தாலும் படம் எடுக்கணும்.

வலிப்பு வர்றப்ப கை காலை அமுக்கிப் பிடிக்காதீங்க, அதுலயே மூட்டு விலகும். சாவிக்கொத்து தேடி ஓடவும் வேண்டாம். பக்கத்துல இருக்கிற அம்மி, அடுப்பை விலக்கி, தலைக்குத் துணி வச்சு, ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. 5 நிமிஷம் தாண்டினா 108.