இரண்டுமே 9 வாட்தானே, அப்புறம் எதற்கு ஸ்டார்?

கோவில்பட்டிக்காரன்:
இந்தத் தடவை இரண்டு மாதக் கரண்ட் கணக்கு 530 யூனிட். 500-ஐத் தாண்டினால் கீழ் அடுக்குக்கும் சேர்த்து ரேட் ஏறிவிடுகிறது, பில்லைப் பார்த்துத் தலை சுற்றியது. சரி, பல்பிலிருந்து தொடங்கலாம் என்று கடைக்குப் போனேன். மின்சிக்கன ஸ்டார் லேபிள் ஒட்டாத 9 வாட் எல்.இ.டி. 50 ரூபாய். நாலு ஸ்டார் ஒட்டியது 110. "ரெண்டும் 9 வாட்டு, மீட்டருக்கு ஸ்டார் தெரியுமா சார்?" என்று கடைக்காரர் சிரித்தார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இன்னொன்று, பாத்ரூமில் மட்டும் ஒரே வருடத்தில் மூன்று பல்பு போய்விட்டது. ஸ்டார் இருந்தால் உழைக்குமா?

பழைய வயர்மேன்:
தம்பி, கடைக்காரர் சொன்னது பாதி சரி. இரண்டும் நிஜமாகவே 9 வாட் இழுத்தால் மீட்டர் ஒரே மாதிரிதான் ஓடும். ஸ்டார் கணக்கு வேறு: ஒரு வாட்டுக்கு எத்தனை லூமன் (வெளிச்சத்தின் அளவு) கிடைக்கிறது என்பதுதான். பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். 9 வாட்டில் 700 லூமன் தருவதும் உண்டு, 900 தருவதும் உண்டு. வாட்டுக்கு 100 லூமன் தரும் பல்பென்றால் அந்த 700-க்கு 7 வாட்டே போதும். பழைய 60 வாட் குண்டு பல்பும் ஏறக்குறைய அதே 700 லூமன்தான்.

அப்புறம், எல்.இ.டி. பல்புக்கு ஸ்டார் லேபிள் 2018 ஜனவரியிலிருந்து கட்டாயம். ஒட்டாமல் விற்கிறார் என்றால் வாட் எழுத்தையே நான் நம்பமாட்டேன்.

ஆனால் உழைப்பை ஸ்டார் சொல்லாது. செத்த பல்புகளை உடைத்துப் பார்ப்பது என் பழக்கம் (வீட்டுக்காரி திட்டுவாள்). மேல் மூடியைக் கழற்றினால் உள்ளே மஞ்சள் பொட்டுகள் வரிசையாக இருக்கும், அவைதான் எல்.இ.டி., அதில் ஒன்றின் நடுவே மிளகு மாதிரி கறுப்புப் புள்ளி. எல்லாம் ஒரே தொடரில் கோத்தவை, ஒன்று போனால் மொத்தமும் அவுட். இல்லையென்றால் டிரைவரில் (எல்.இ.டி.க்கு ஏற்றபடி கரண்டை மாற்றித் தரும் சின்ன சர்க்யூட்) கெபாசிட்டர் உப்பியிருக்கும். இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் சூடு. உங்கள் பாத்ரூம் பல்பு மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிறதா?

மல்லிகா, மதுரை:
அண்ணே, எங்கள் அத்தை பூஜையறையில் 40 வாட் குண்டு பல்பை மாற்றவே விடமாட்டேன் என்கிறார். வெள்ளை வெளிச்சத்தில் சாமி முகம் ஆஸ்பத்திரியில் இருக்கிற மாதிரி தெரிகிறதாம்!

பழைய வயர்மேன்:
அத்தை சொல்வது நியாயம்மா. பெட்டியில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்டிருப்பதை வாங்குங்கள், மஞ்சளாக எரியும். அதற்கும் ஒப்பவில்லையா, விட்டுவிடுங்கள். தினம் இரண்டு மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 4.8 யூனிட். இதற்காக வீட்டில் சண்டை வேண்டாம்.

கோவில்பட்டித் தம்பிக்கும் இதே கணக்குதான். 9 வாட் தினம் ஐந்து மணி நேரம் என்றால் 60 நாளில் 2.7 யூனிட், 7 வாட் என்றால் 2.1. எட்டு பல்பும் மாற்றினால் ஐந்து யூனிட் மிஞ்சும். 60 வாட் குண்டு பல்பு 18 யூனிட் தின்ற காலத்தில் மாற்றியவர்களுக்குத்தான் பெரிய லாபம். அப்போது விலைதான் தடை. அரசு மொத்தமாகக் கொள்முதல் செய்த எல்.இ.டி. பல்பே 2014-இல் 310 ரூபாய். 2016-இல் அது 38-க்கு இறங்கியது. நீங்கள் இப்போது 50-க்கும் 110-க்கும் யோசிக்க முடிவது அதனால்தான்.

500-ஐத் தாண்டிய உங்கள் 30 யூனிட் பல்பில் இல்லை, விட்டத்தில் ஃபேனாகச் சுற்றுகிறது. பழைய 75 வாட் ஃபேன் ஒன்று தினம் 12 மணி நேரம் ஓடினால் 54 யூனிட். 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் (குறைந்த கரண்டில் ஓடும் புது வகை மோட்டார்) என்றால் 22-க்குள் முடிந்துவிடும்.

கோவில்பட்டிக்காரன்:
பாத்ரூமில் கூண்டுதான் அண்ணே, ரப்பர் வளையம் போட்டு இறுக்கியது. செத்ததில் ஒன்றை உடைத்தேன், நீங்கள் சொன்ன மிளகு இருக்கிறது. ஹாலில் ஓடும் ஃபேன் அப்பா 1998-இல் மாட்டியது. இனி அப்பாவைச் சம்மதிக்க வைக்கணும்.