லைனில் பாதி சரக்கு வருவதில்லை: பென்னாகரம் பக்கம் மளிகைக்கடைக்கு என்ன வழி?

பென்னாகரம்_மளிகை
வணக்கம். ஒகேனக்கல் ரோட்டில் சின்ன மளிகைக்கடை. நாலைந்து மாதமாக ஆர்டர் கொடுப்பதில் பாதிதான் இறங்குகிறது. சோப்பில் ஒரு வாசனை, பிஸ்கட்டில் ரெண்டு ரகம், மசாலாவில் 200 கிராம் பாக்கெட் சுத்தமாக வரவில்லை. கேட்டால் "கம்பெனியிலேயே ஷார்ட்" என்கிறார்கள். துவரம்பருப்பும் மாதக் கடைசியில் தீர்ந்துவிடுகிறது. லைன், அதாவது டிஸ்ட்ரிபியூட்டர் (கம்பெனி சரக்கை நம் ஏரியாவுக்குக் கொடுப்பவர்) ஆள் ஆர்டர் எடுக்க வருவது, வாரம் ஒருமுறைதான். எது நிஜமான தட்டுப்பாடு, எது நம் ஆர்டரில் கோளாறு என்று எப்படிப் பிரிப்பது? ராகி, சாமை எப்போது வாங்கி வைக்கலாம்?

தர்மபுரி_ஏஜென்சி
அண்ணா, நாலு வாரம் ஒரு நோட்டில் கேட்டது, வந்தது என்று ரெண்டு பத்தி போடுங்கள். நாலு வாரமும் பூஜ்யம், டவுன் மொத்தக்கடையிலும் இல்லை என்றால் கம்பெனியே அந்த ரகத்தை நிறுத்தியிருக்க வாய்ப்பு அதிகம். காத்திருக்காமல் ரேக்கில் அந்த இடத்தை வேறு சரக்குக்குக் கொடுத்துவிடுங்கள்.

மொத்தக்கடையில் இருக்கிறது, லைனில் மட்டும் வரவில்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் எடுப்பதில்லை. மெதுவாகப் போகிற ரகத்துக்கு அவர் முழுப் பெட்டி எடுத்துப் பணத்தை முடக்க வேண்டும், தேதி முடிந்தால் திருப்பி அனுப்புவதும் பெரும்பாடு. ஒரே ரோட்டில் மூன்று கடை சேர்ந்து ஒரு முழுப் பெட்டி கேட்டால் கொண்டுவருவார்.

குறைவாக வருகிறது என்றால் அது பங்கீடு, இருக்கிற சரக்கை டிஸ்ட்ரிபியூட்டர் கடைகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார். அவருக்குக் கம்பெனி லோடு இறங்குகிற கிழமையைக் கேளுங்கள். வியாழன் இறங்கி, உங்கள் லைன் புதன் என்றால் ஆறு நாள் டவுன் கடைகள் எடுத்தது போக மிச்சம்தான் உங்களுக்கு. லோடுக்கு முந்தின நாளே போனில் ஆர்டர் போட்டு, பழைய பில் பாக்கியையும் முடித்துவிடுங்கள். பாக்கி நிற்கிற கடைக்குத்தான் முதலில் வெட்டு விழும்.

200 கிராம் விஷயம்: 5, 10 ரூபாய் பாக்கெட்டையும் பெரிய பாக்கெட்டையும் வைத்துக்கொண்டு நடு அளவைக் கம்பெனிகள் கழற்றிவிடுகின்றன. பாக்கெட்டில் எம்ஆர்பிக்குப் பக்கத்தில் ஒரு கிராமுக்கு என்ன விலை என்று போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். 100 கிராம் 42 ரூபாய் என்றால் கிராம் 42 காசு. 500 கிராம் 190 என்றால் 38 காசு. 200 கேட்டு வருகிறவரிடம் இதைக் காட்டினால் அவரே முடிவு செய்துகொள்வார்.

கிருஷ்ணகிரி_மொத்தவியாபாரம்
பருப்பு தீர்வது பெரும்பாலும் கணக்குப் பிசகு. 30 நாளில் 60 கிலோ விற்றது, ஆனால் 10 நாள் கடையில் பருப்பே இல்லை என்று வைத்துக்கொள்வோம். தினம் 2 கிலோ என்று எழுதினால் தப்பு. சரக்கு இருந்த 20 நாளால்தான் வகுக்க வேண்டும், அதாவது 3 கிலோ. 2 என்று எழுதினால் ஆர்டர் குறையும், மறுபடி தீரும், அடுத்த மாதம் இன்னும் குறைத்து எழுதுவீர்கள்.

லைன் 7 நாளுக்கு ஒருமுறை, சரக்கு இறங்க 2 நாள், சரக்கு தாமதமானால் சமாளிக்கக் கைக்காவல் 3 நாள். ஆக 12 நாள், 36 கிலோ. ஆர்டர் கொடுக்கிற அன்று கையில் 14 இருந்தால் 22 சொல்லுங்கள்.

இன்னொன்று, ரேஷனையும் கவனியுங்கள். அங்கே பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய். ரேஷனில் பருப்பு வரத் தாமதமானால் அத்தனை கார்டுக்காரர்களும் உங்கள் கடைக்குத்தான் வருவார்கள். ரேஷன் கடையில் என்ன இறங்கியிருக்கிறது என்று கேட்டுவிட்டு ஆர்டர் கொடுங்கள். தர்மபுரி மாவட்டத்தில் 2023லிருந்து 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி கொடுக்க ஆரம்பித்தார்கள். அதனால் ராகியை அளவாக வாங்குங்கள்.

பென்னாகரம்_மளிகை
நன்றிங்க. கம்பெனி பாக்கெட் வராத இடத்தில் மூட்டை வாங்கி நாமே பாக்கெட் போடலாமா?

அரூர்_தானியம்
வாடிக்கையாளர் முன்னால் எடைபோட்டுக் கட்டிக் கொடுப்பது உதிரி விற்பனை. முன்கூட்டியே பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டினால் அரிசி, பருப்பு, மாவுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி கணக்கில் வரும். பொருள் பெயர், நிகர எடை, எம்ஆர்பி, பாக்கெட் போட்ட தேதி, புகார் சொல்ல முகவரி எல்லாம் இருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்புப் பதிவு எப்படியும் வேண்டும். சமையல் எண்ணெயை மட்டும் உதிரியாக ஊற்றி விற்காதீர்கள், சீல் வைத்த பாக்கெட்தான்.

ஆடிப்பட்டத்து மானாவாரி ராகி கார்த்திகை, மார்கழியில் களத்துக்கு வரும். சாமை அதற்கு முன்பே அறுப்பாகும். ராகியை வாயில் போட்டுக் கடியுங்கள், டக்கென்று உடைய வேண்டும். நசுங்கினால் இன்னும் காயவில்லை. மூட்டைக்குள் கையை விட்டால் கதகதப்பாக இருந்தாலும் வாங்காதீர்கள், உள்ளே பூசணம் பிடிக்கும். மூட்டைகளைப் பலகைமேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். மாவாக அரைத்து வைக்க வேண்டாம், ரெண்டு வாரத்துக்கு ஆகிற அளவே போதும்.

சாமையை உமியோடு வைத்தால் வருஷம் தாங்கும். அரிசியாக்கிவிட்டால் தவிட்டில் இருக்கிற எண்ணெய் காற்றுப் பட்டுச் சிக்கு வாடை அடிக்கும், அப்புறம் கழுவினாலும் போகாது. இருபது நாள் விற்பனைக்கு மட்டும் குத்தி வாங்குங்கள். 100 கிலோ சாமைக்கு அரிசி 60, 65 கிலோதான் தேறும், விலை போடும்போது அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புளியை மாசி, பங்குனியில் உலுக்குகிறபோதே வாங்கி, காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டி வையுங்கள். திறந்து கிடந்தால் கறுத்துவிடும், கறுத்ததைப் பழம்புளி கேட்கிறவர்கள் மட்டும்தான் எடுப்பார்கள்.